மூன்று பெட்டி, ஏழு உதிரி

ஷியோவின் நோட்டில்
பக்கத்தையே கிழித்துவிடுகிற மாதிரி
சிவப்பாய் ஒரு பெருக்கல் குறி.
எத்தேரி டீச்சர் சொன்ன எண் முப்பத்தேழு.
இவன் எழுதியிருந்தது 2017.

அவள் சொன்னதிலும் பிழையில்லை,
இவன் கேட்டதிலும் பிழையில்லை.
எங்கள் ஜார்ஜிய மொழியில் முப்பத்தேழுக்கு
இருபதும் பதினேழும் என்றுதான் பெயர்.
இருபதை எழுதினான்.
பக்கத்தில் பதினேழை ஒட்டவைத்தான்.
காதில் விழுந்ததைக் கை எழுதியது, அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டு என்றால் இரண்டு இருபதும் பதினெட்டும்.
தொண்ணூறு என்றால் நான்கு இருபதும் ஒரு பத்தும்.
எங்கள் முப்பாட்டன்மார்
செருப்பைக் கழற்றிவிட்டு எண்ணியிருக்க வேண்டும்,
கால்விரல்களையும் விட்டுவைக்கவில்லை.
பள்ளிக்கூடத்துக்குக்
கைவிரல்களே போதுமாம்.

ஓனி நகரில், பேருந்து திரும்பும் முனையில்
என் கடை.
ஈஸ்டருக்கு நான்கு நாள்.
கூரைப் பனி உருகி
வாசலில் சொட்டுகிறது, யாரும் எண்ணாமல்.
சாம்பல் நிற அட்டைப்பெட்டியில் பத்துக் குழி, பத்து முட்டை.
மூடியை அழுத்தினால்
பத்து ஒன்றாகிவிடும்;
பிறகு யாரும் உள்ளே பார்ப்பதில்லை.
மிச்சம், தவிட்டுக் கூடையில் உதிரியாய்.

லமாரா வந்தாள், கையில்
முட்டைக்குச் சாயமேற்ற ஒரு கட்டு மஞ்சிட்டி வேர்.
"இருபதும் பதினேழும் கொடு" என்றாள்.
நான் பாலாடைக்கட்டி அறுத்துக்கொண்டிருந்தேன்.
ஷியோ முக்காலி மேல் ஏறினான்.

இருபதுக்கு இரண்டு பெட்டி, யோசிக்கவே இல்லை.
பதினேழுக்குக் கூடையில் கைவிட்டான்.
ஒன்று, இரண்டு என்று
ஒவ்வொன்றாய், விரல் குளிரக் குளிர.
"அத்தனையும் உதிரியாகவா?
வீடு போய்ச் சேர்வதற்குள் ஆம்லெட் ஆகிவிடும், ராசா."
இன்னொரு பெட்டி எடுத்தான். பத்துக் குழி நிரம்பியது.
மூடினான்.
காகிதத்தில் ஏழு நின்றது.

அப்புறம் அசையவில்லை.
பெட்டிகளைப் பார்த்தான். காகிதத்தைப் பார்த்தான்.
மறுபடியும் பெட்டிகளை.
"அம்மா, இருபது எங்கே போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. கத்தி கையிலேயே இருந்தது.
பதினேழும் காணவில்லை என்று அவனே கண்டுபிடித்தான்.
இருந்தது
மூன்று பெட்டி, ஏழு உதிரி.
சீட்டை எடுத்து
பெட்டிக்கு நேரே 3,
உதிரிக்கு நேரே 7.
"வாயிலே இருபது பதினேழு. மேஜையிலே முப்பத்தேழு" என்று
யாருக்கோ கோள் சொல்வதுபோல் சொன்னான்.

வாசல்வரை போன லமாரா திரும்பினாள்.
மருமகளும் வருகிறாளாம், இன்னும் மூன்று.
ஏழோடு மூன்று.
நான்காவது பெட்டி நிரம்பியது, காகிதம் காலி.
பழைய சீட்டை அடித்துவிட்டு
புதிதாய் எழுதி நீட்டினான்: 4.

லமாரா கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தாள்.
பைக்குள் துழாவி
சரியாக நாலே முட்டைக்குக் காசு வைத்தாள்.
முகத்தில் சிரிப்பே இல்லை. பாவி.

ஷியோவின் காது சிவந்தது.
நாலு என்றுதான் எழுதியிருக்கிறான்,
நாலுதான் இருக்கிறது,
ஆனால் நாலு இல்லை.
உதிரி இருந்த இடத்தில் என்ன எழுதுவது?
ஒன்றும் இல்லாததை
எப்படி எழுதுவது?
காலிக் காகிதத்தைத் தூக்கி அடியில்கூடப் பார்த்தான்.

பிறகு பென்சிலை எச்சிலில் நனைத்து
நாலுக்குப் பக்கத்தில்
மெதுவாய் ஒரு முட்டை வரைந்தான்,
ஒரு முனை சற்றே கூராக.
"இது இல்லாத முட்டை" என்றான்.

லமாரா மிச்சக் காசையும் எடுத்து வைத்தாள்.

ஈஸ்டர் முடிந்து பள்ளி திறந்த வாரம்
நோட்டின் ஓரத்தில் எத்தேரி எழுதி அனுப்பியிருந்தாள்:
கணக்கெல்லாம் சரி.
ஆனால் இவன் பூஜ்யங்களுக்கெல்லாம்
ஏன் ஒரு பக்கம் கூராக இருக்கிறது?

பதில் எழுத உட்கார்ந்தேன்.
அதற்குள் யாரோ கதவைத் தள்ளி
இரண்டு இருபதும் பதினொன்றும் கேட்டார்கள்.